பினாங்குப் பசெம்பூரும் அதன் குவாவும்

சென்ற ஆண்டு தஞ்சாவூரிலிருந்து முதன்முறையாகப் பினாங்குக்கு வந்திருந்த பெரியப்பா மகனை, வந்த இரண்டாம் நாள் மாலையிலேயே படாங் கோத்தா லாமா கடற்கரைக்கு அழைத்துச் சென்று ஒரு தட்டு பசெம்பூர் வாங்கிக் கொடுத்தேன். அவர் தட்டை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சாலட்டா, இல்ல பஜ்ஜி மேல குழம்பு ஊத்தி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பது ஆண்டுகளாக இதைத் தின்று வரும் எனக்கு அப்படியொரு கேள்வி தோன்றியதே இல்லை. அன்றிரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால்தான் இந்தப் பதிவு.

பார்த்திராதவர்களுக்காகத் தட்டில் என்னென்ன இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியில் மெல்லிய நீளக் கீற்றுகளாகச் சீவிய வெள்ளரிக்காயும் பச்சையாகவே தின்னும் வெள்ளைக் கிழங்கான செங்குவாங்கும், சில கடைகளில் சற்றே வாட்டிய பயற்று முளையும் இருக்கும். அதன் மேல் அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த தாகுவா என்னும் சோயாக் கட்டி, அவித்த முட்டை, மாவில் தோய்த்துப் பொரித்த இறால், கணவாய், சின்ன நண்டு, தேங்காய் சேர்த்த வடை என்று கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து நாம் கை காட்டியவற்றை எல்லாம் கடைக்காரர் கத்தரியால் வெட்டிப் போடுவார். இவ்வளவும் முடிந்த பிறகு, பெரிய அலுமினியச் சட்டியிலிருந்து செம்மண் நிறத்தில் கெட்டியான ஒன்றை அகப்பையால் அள்ளித் தட்டு முழுவதும் மூடும்படி ஊற்றுவார். அதுதான் குவா.

மலாய் மொழியில் குவா என்பது குழம்பு, சாறு, ரசம் என எதையும் குறிக்கும் பொதுச் சொல். பினாங்குத் தமிழர்கள் அதை மொழிபெயர்ப்பதில்லை. வீட்டில் வைப்பது குழம்பு, கடையில் ஊற்றுவது குவா என்று எங்கள் பேச்சில் ஒரு பிரிவினை தானாகவே அமைந்துவிட்டது. நாசி கண்டார் கடையில் பல குழம்புகளைக் கலந்து சோறு மிதக்க ஊற்றச் சொல்ல விரும்புகிறவர் 'குவா பஞ்ஜிர்' என்பார். பஞ்ஜிர் என்றால் வெள்ளம். பசெம்பூர் குவாவுக்கு அந்தச் சொல் பொருந்தாது. வெள்ளமாக ஓடினால் அது நல்ல குவா அல்ல. அகப்பையிலிருந்து விழும்போது ஒரு கணம் தயங்கி, விழுந்த இடத்தில் நின்று, பிறகு மெதுவாகக் காய்களுக்கு இடையே இறங்க வேண்டும்.

அந்தத் தயக்கத்தைத் தருவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அவித்து மசித்த கிழங்கும், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயும், வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும், புளியும், தென்னஞ்சர்க்கரையான குலா மலாக்காவும் சேர்ந்ததே குவா. சிலர் சின்ன வெங்காயத்தையும் பிளாச்சான் என்னும் புளித்த இறால் விழுதில் ஒரு துண்டையும் மிளகாயோடு அரைத்து வதக்கிச் சேர்ப்பார்கள். சிலர் மேலே எள் தூவுவார்கள். கடைக்குக் கடை அளவு மாறும். ஆனால் கிழங்கு இல்லாத குவாவை நான் குவா என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கும் கடைகளும் இப்போது உண்டு. பளபளவென்று கண்ணாடி போல் இருக்கும் அந்தக் குவா நாக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

இதை வீட்டில் செய்து பார்த்து மூன்று முறை தோற்றேன். முதல் முறை குவா இனிக்கவே இல்லை; சர்க்கரையைக் கூட்டியபோது பாகு போலாகிவிட்டது. இரண்டாம் முறை இறக்கும்போது கெட்டியாக இருந்தது, அரை மணி நேரத்தில் நீர்த்துப்போனது. மூன்றாம் முறை குவா சரியாக வந்தும் தட்டில் ஊற்றிய சிறிது நேரத்தில் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது பின்னர்தான் புரிந்தது. சர்க்கரைவள்ளியில் இயல்பாகவே உள்ள ஒரு நொதி, கிழங்கு மெதுவாகச் சூடேறும்போது, ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. கொதிக்கும் நீரில் சின்னத் துண்டுகளைப் போட்டு அவசரமாக அவித்தால் அந்த நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. பச்சைத் தண்ணீரில் முழுக் கிழங்கைப் போட்டுச் சிறு தீயில் ஏற்றினால் கிழங்கு தன் இனிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. புளியின் கதை வேறு. புளிப்போடு சேர்ந்து நெடுநேரம் கொதிக்கும் மாவுச்சத்து உடைந்து நீர்த்துவிடும். ஆகவே புளிக்கரைசலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்தவுடன் இறக்க வேண்டும். மூன்றாவது தவறு என் பொறுமையின்மை. உப்பும் சர்க்கரையும் நிறைந்த குவா மேலே பட்ட மறுகணமே வெள்ளரியும் செங்குவாங்கும் தண்ணீர் விடத் தொடங்கிவிடும். கடைக்காரர்கள் குவாவை அவ்வளவு கெட்டியாக வைத்திருப்பதும், கடைசி நொடியில் ஊற்றுவதும் அதனால்தான். காய் விடப்போகும் நீரையும் கணக்கில் கொண்டே அவர்கள் பதம் பார்க்கிறார்கள்.

இப்போது நான் எடுத்துக்கொள்ளும் அளவு இதுதான்: செம்மஞ்சள் சதையுள்ள சர்க்கரைவள்ளி அரைக் கிலோ, காய்ந்த மிளகாய் 20, சின்ன வெங்காயம் எட்டு, தோல் நீக்கிப் பொடித்த வறுத்த வேர்க்கடலை 200 கிராம், குலா மலாக்கா 100 கிராம், எலுமிச்சை அளவு புளி. கடலையை மாவாகப் பொடித்தால் எண்ணெய் கக்கிவிடும். பல்லில் கடிபடும் அளவுக்கு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆறு பேருக்குத் தாராளமாகப் போதும்.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். சாலட் என்றவுடன் அவர் மனத்தில் வந்தது ஓட்டல்களில் எண்ணெயும் வினிகரும் தெளித்துத் தரும் இலைத் தட்டு. அந்த முறையில் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்பது பழைய கணக்கு. பச்சை இலைக்குச் சுவையும் வழுவழுப்பும் வெளியிலிருந்து வர வேண்டியிருப்பதால் எண்ணெய் அங்கே முதன்மையானது. பசெம்பூரிலோ எண்ணெய் பொரித்த பண்டங்களுக்குள் முன்பே நிறைந்திருக்கிறது. அதற்கு மேலும் எண்ணெய் ஊற்றினால் யாராலும் தின்ன முடியாது. எனவே இங்கே ஊற்றப்படுவதன் வேலை தலைகீழாகிவிடுகிறது: எண்ணெயைச் சேர்ப்பது அதன் பணியாக இல்லாமல், பொரித்ததன் எண்ணெயைப் புளிப்பாலும் உறைப்பாலும் வெட்டுவதும், எந்தச் சுவையும் இல்லாத செங்குவாங்கை நாக்குக்குக் கொண்டு சேர்ப்பதுமே அதன் பணியாகிவிடுகிறது. நம் ஊர்க் கோசுமல்லியில் எலுமிச்சைச் சாறும் கடுகு தாளிப்பும் செய்வதைப் போல, குவா ஒரு சாலட்டை முடித்து வைக்கிறது. தாளிப்பு காய்க்கு மணம் மட்டும் தந்து ஒதுங்கிக்கொள்ளும்; குவா மொத்தத் தட்டையும் தன் வசப்படுத்திவிடும். அவ்வளவுதான் வேறுபாடு.

பினாங்கில் ஒரே மாலையில் ஒரே வீதியில் இதற்கு உறவான வேறு சிலவற்றையும் தின்று பார்க்கலாம் என்பது இந்த ஊரின் பேறு. சீனர் விற்கும் ரோஜாக்கில் பச்சை மாங்காய், கொய்யா, அன்னாசி, ஜம்பு, வெள்ளரி, செங்குவாங் ஆகியவற்றை வெட்டிப் போட்டு, ஹே கோ என்னும் கருநிற இறால் பாகைச் சேர்த்துப் பிரட்டி, மேலே பொடித்த கடலையை அள்ளிப் போடுவார்கள். பினாங்கு ரோஜாக்கின் பாகு தார் போலக் கெட்டியானது. குச்சியால் குத்தி எடுத்தால் நூல் இழுக்கும். அதே ஹே கோவைத்தான் இங்கே அசாம் லக்சா என்னும் புளிப்பு மீன் நூடுல்ஸிலும் ஒரு கரண்டி கலக்கிக்கொள்கிறோம். பசெம்பூரையே தங்கள் முறைப்படி செய்து விற்கும் ஹொக்கியன் சீனர்களும் உண்டு. அவர்கள் அதைச் செ ஹூ என்கிறார்கள். கடலைச் சாற்றைக் காய்கறி மேல் ஊற்றும் சாவக மரபின் காடோ காடோவும் பெச்செலும் இந்தக் குடும்பத்தின் தூரத்து உறவுகள். காய்களில் பாதி எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க, எது யாருடையது என்பதைச் சொல்வது மேலே ஊற்றுவது மட்டும்தான். மலாய் மொழியில் ரோஜாக் என்றாலே கலவை. பல மொழிச் சொற்களைக் கலந்து பேசுவதற்கு பஹாசா ரோஜாக் என்று பெயர். அந்தப் பெயரை நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் தமிழுக்கும் யாரேனும் சூட்டக்கூடும்.

சிங்கப்பூருக்குப் போனால் இதே உணவு 'இந்திய ரோஜாக்' ஆகிவிடுகிறது. அங்கே குவாவை மேலே ஊற்றாமல் ஒரு கிண்ணத்தில் தனியாகத் தருவார்கள். பொரித்த துண்டுகளை அதில் தோய்த்துத் தின்ன வேண்டும். வெள்ளரியும் வெங்காயமும் பச்சை மிளகாயும் ஓரத்தில் துணைக்கு நிற்கும். சிங்கப்பூர் உறவினர்களோடு எனக்கு இதில் தீராத வழக்கு உண்டு. தோய்த்துத் தின்னும்போது பண்டம் மொறுமொறுப்பாக இருக்கும் என்பது அவர்கள் கட்சி. மொறுமொறுப்புதான் வேண்டும் என்றால் பஜ்ஜியே வாங்கித் தின்னலாமே என்பது என் கட்சி. வடையின் ஒரு பக்கம் குவாவில் ஊறி மெத்தென்றாகி, மறு பக்கம் இன்னும் நொறுங்கும் நிலையில் இருக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் பசெம்பூர் இருக்கிறது.

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. பசெம்பூரையும் இந்திய ரோஜாக்கையும் வளர்த்தெடுத்தவர்கள் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். மாமா என்ற நம் உறவுச் சொல்லே மலாய் வழக்கில் மாமாக் ஆகி அவர்களையும் அவர்கள் கடைகளையும் குறிக்கலாயிற்று. சிங்கப்பூரின் ரோஜாக் வணிகர்களில் பலர் வேதாரண்யத்தை அடுத்த தோப்புத்துறையைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். பினாங்கில் கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். ஆனால் தோப்புத்துறையிலோ கடையநல்லூரிலோ கடைத்தெருவுக்குப் போய் பசெம்பூர் கேட்டால் கிடைக்காது. தமிழர் கையில் உருவாகி, தமிழர் பெயரால் அறியப்பட்டு, தமிழ்நாட்டில் இல்லாத உணவு இது. அந்த வணிகர்கள் வடை சுடத் தெரிந்தவர்கள், புளி கரைக்கத் தெரிந்தவர்கள், மிளகாய் அரைக்கத் தெரிந்தவர்கள். சந்தையில் கண்ணெதிரே கிடந்தவை செங்குவாங்கும் தாகுவாவும் குலா மலாக்காவும். கடை போட்ட இடத்தில் நின்று தின்றவர்களோ மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும். அந்த மூன்று நாக்குகளுக்கும் ஒரே சட்டியிலிருந்து ஊற்ற வேண்டியிருந்தது. குவாவில் மசாலாப் பொடி அடங்கி ஒலிப்பதற்கும் இனிப்பு ஓங்கி நிற்பதற்கும் அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியவர். கடைசி வரை இதை 'இனிப்புக் குழம்பு' என்று சொல்லித் தொட மறுத்தார். என் அப்பாவுக்கோ ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டர்வொர்த்திலிருந்து படகேறித் தீவுக்கு வந்து பசெம்பூர் தின்று திரும்பினால்தான் விடுமுறை கழிந்ததாகப் பொருள். 1985-இல் பாலம் திறந்த பிறகும் அவர் படகிலேயே வந்தார்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மிளகாய், வேர்க்கடலை, சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, செங்குவாங் ஐந்துமே அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. செங்குவாங் மெக்சிகோவின் கிழங்கு. ஸ்பானியக் கப்பல்கள் அதைப் பிலிப்பீன்சில் இறக்க, அங்கிருந்து இந்தப் பக்கம் பரவியது. தாகுவா சீனத்தின் கொடை. வெள்ளரியும் பயறும் எள்ளும்தான் இந்தியாவின் மண்ணிலிருந்து வந்தவை என்று தைரியமாகச் சொல்லலாம். புளியைக்கூட நம்முடையது என்று உரிமை கொண்டாட முடியாது; அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா.

இந்த ஊர் அன்றாடத்தில் பசெம்பூர் மாலை நான்கு மணிக்கு உரியது. மதியச் சோற்றுக்கும் இரவுச் சோற்றுக்கும் இடையே, வெயில் தாழும் நேரத்தில், பக்கத்திலேயே செண்டோல் என்னும் குளிர்ந்த இனிப்பு ஒரு கிண்ணத்தோடு தின்னப்படுவது. குவாவின் உறைப்பை செண்டோலின் தேங்காய்ப்பால் தணிக்கும். கோலாலம்பூர்ப் பக்கம் ரோஜாக்கையும் செண்டோலையும் சேர்த்தே விற்கும் வண்டிகளைச் சாலையோர மரத்தடிகளில் காணலாம். நோன்பு மாதச் சந்தைகளில் பசெம்பூருக்குத் தனி இடம் உண்டு. அப்போது குவாவை நெகிழிப் பையில் கட்டி இரப்பர் வளையம் போட்டுத் தருவார்கள், வீட்டுக்குப் போய் நோன்பு திறக்கும் வேளையில் ஊற்றிக்கொள்ள. கர்னி டிரைவ் கடைகளில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் எப்போதும் நிறைந்திருக்கும். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து ஆசையில் நண்டையும் கணவாயையும் அள்ளிப் போடச் சொல்லிவிட்டு, விலை கேட்டதும் முகம் வாடுகிறவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி விலை. குவாவுக்கு மட்டும் விலை இல்லை. கூடுதலாகக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஊற்றுவார். கடையின் பெயரையே தீர்மானிக்கிற பொருளுக்குக் காசு வாங்காமலிருப்பது எனக்குப் பிடித்தமான வணிக முறை.

2016-ஆம் ஆண்டு முதல் பினாங்கு மாநில அரசு அங்காடிக் கடைகளில் சில உள்ளூர் உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தலைமைச் சமையற்காரராக நின்று சமைப்பதற்குத் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் நாசி லெமாக், சார் குவாய் தியாவ் முதலியவற்றோடு பசெம்பூரும் இடம்பெற்றது. சுவை மாறிவிடக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. சோளமாவுக் குவாவைத் தின்றவன் என்ற முறையில் அதில் பாதியை ஏற்கவும் செய்கிறேன். ஆனால் அந்தச் சட்டியை முதலில் அடுப்பில் ஏற்றியவர்களே கப்பலேறி வந்த வெளியூர்க்காரர்கள்தாமே. கெடுவது கிழங்கைக் கைவிடுவதால். கிழங்கை மசிக்கிற கை எந்த நாட்டுக் கை என்பதால் அல்ல.

அண்ணன் ஊருக்குத் திரும்பும் முன் செய்முறையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். தை மாதத்தில் தொலைபேசியில் அழைத்தார். பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளி மிஞ்சிவிட்டதால் குவா வைத்துப் பார்த்தாராம். செங்குவாங் கிடைக்காததால் வெள்ளரியோடு கொஞ்சம் நூல்கோலைத் துருவிச் சேர்த்தாராம். குலா மலாக்காவுக்குப் பதில் கருப்பட்டி. பொரித்ததற்கு மசால் வடை. பதம் எப்படி வந்தது என்று கேட்டேன். "கரண்டியிலேர்ந்து விழ யோசிக்குது தம்பி" என்றார். பெரியம்மா ஒரு வாய் தின்றுவிட்டு இது என்ன சட்னி என்று கேட்டாராம். அண்ணனின் மகள் அதற்குள் கிண்ணத்தை வடைகளின் மேல் கவிழ்த்துவிட்டாள்.